9 வோல்ட்டில் நின்ற மோட்டார்: ஒரு மாதிரி விமானத்தின் பழுது ஆய்வு

மதுரைக்கு வடக்கே, அலங்காநல்லூர்ப் பக்கம், கோடையில் வற்றி ஆடி வரை காய்ந்தே கிடக்கும் ஒரு கண்மாய். அங்கே பறந்துகொண்டிருந்த மாதிரி விமானத்தின் மோட்டார் நடுவானில் விட்டு விட்டு நின்றது. ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) போய்விட்டது என்று விமானத்தை ஓட்டிய மாணவர்கள் முடிவுகட்டிப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினார்கள். பழைய கோளாறு போகவில்லை. கூடவே புதிதாக ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டையும் எப்படிப் பிரித்தோம், எந்த அளவீடு எதைக் காட்டிக் கொடுத்தது என்பது கீழே.

விமானம் கல்லூரி மாணவர்கள் சிலர் ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டிச் செய்த பயிற்சி விமானம். இறக்கை 1,200 மி.மீ., பேட்டரியோடு எடை 1,050 கிராம். 2212 அளவு, 1000 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 1000 சுற்று) அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும்) மோட்டார்; 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி.; 3 செல் 2200 எம்.ஏ.எச். லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, 10 அங்குல விட்டமும் 4.5 அங்குல பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) கொண்ட ப்ரொப்பல்லர். இறக்கை, வால் மடல்களை அசைக்கும் 9 கிராம் சர்வோ மோட்டார் நான்கு. புதிதாகத் தொடங்குபவர்களில் பலர் இதே கூட்டணியைத்தான் வாங்குகிறார்கள். அதனால் இங்கே வரும் எண்கள் பலருக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும்.

இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரை விமான நிலையம் நகரத்தின் தென்பக்கம் இருக்கிறது. வடக்கே போவது அதனால்தான் வசதி. இருந்தாலும் எந்த மைதானமாக இருந்தாலும் ட்ரோன் வான்வெளி மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிட்டே பேட்டரியைச் சொருக வேண்டும்.

புகாரைப் பிரித்துக் கேட்பது

"பறக்கும்போது மோட்டார் ஆஃப் ஆயிடுது" என்பது புகார் மட்டுமே, அதை வைத்துக்கொண்டு எந்தப் பாகத்தையும் மாற்ற முடியாது. முதலில் கேட்க வேண்டியது ஒன்று: மோட்டார் நின்ற நேரத்தில் சர்வோக்கள் வேலை செய்தனவா?

இந்தக் கேள்வி ஒன்றே பாதி வேலையை முடித்துவிடும். சர்வோக்களுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் ஈ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. என்ற 5 வோல்ட் மின்வழங்கியிலிருந்து போகிறது. விலை குறைந்த ஈ.எஸ்.சி.களில் அது லீனியர் வகை. மிச்ச வோல்ட்டேஜ் முழுவதையும் சூடாக்கியே தீர்க்கும். பேட்டரி 12.6 வோல்ட்டில் இருக்க, நான்கு சர்வோவும் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தால் 3.8 வாட் அந்தச் சின்னச் சில்லிலேயே வெப்பமாகிறது. சில்லு சூடேறித் தன்னை நிறுத்திக்கொண்டால் ரிசீவர் செத்து, விமானம் முழுவதுமே கட்டுப்பாட்டை இழந்துவிடும். இங்கே அப்படி நடக்கவில்லை. மோட்டார் நின்ற பிறகும் எலிவேட்டரும் (வால் மடல்) எய்லரானும் (இறக்கை மடல்) ஒழுங்காகக் கேட்டன. ஒரு தடவை தவிர மற்ற நேரமெல்லாம் விமானத்தை மிதக்கவிட்டே இறக்கியிருக்கிறார்கள். அந்த ஒரு தடவை கரையோரத்துச் சீமைக் கருவேலம் வாங்கிக்கொண்டது. ஆக, பி.இ.சி. மீது சந்தேகம் இல்லை. ரேடியோ இணைப்பு அறுந்து ஃபெயில்சேஃப் (மோட்டாரைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு ஏற்பாடு) வந்திருக்கலாமா என்ற கேள்விக்கும் இதே பதில் போதும்.

அடுத்த கேள்வி, எப்போது நிற்கிறது? ஏறும்போது இல்லை, முதல் நிமிடத்திலும் இல்லை. ஐந்து நிமிடம் போல் பறந்த பிறகு, காற்றை எதிர்த்துத் திரும்பி வரும்போது. ஆடி மாதம் மேற்கேயிருந்து அடிக்கும் காற்றில் 1,050 கிராம் ஃபோம் விமானம் திரும்பி வர முழு த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை) அரை நிமிடமாவது பிடித்தாக வேண்டும். அப்போது மோட்டார் தடதடவென்று துடித்து நிற்கும். குச்சியைக் கீழே இழுத்து மறுபடி பாதிக்கு ஏற்றினால் ஓடும். முழுசாக ஏற்றினால் திரும்பவும் நிற்கும்.

கீழே இழுத்தால் உயிர் வருகிறது, பாதியில் தாங்குகிறது, முழுசில் விழுகிறது என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் குறைந்த வோல்ட்டேஜ் தடுப்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும். செல்லுக்கு 3 வோல்ட் என்று வைத்திருந்தால் 3 செல்லுக்கு 9 வோல்ட். ஈ.எஸ்.சி.யின் வாசலில் அதற்குக் கீழே இறங்கியதும் அது மோட்டாரைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். கெட்டுப்போனதால் நிறுத்துவதில்லை, நிறுத்துவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இந்தக் கோளாறுக்குப் புது ஈ.எஸ்.சி. மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் நிற்கும். நின்றது.

மற்ற இரண்டு வாய்ப்புகளையும் தள்ளிவிட்டுப் போக வேண்டும். சூட்டுத் தடுப்பு பொதுவாக 100 டிகிரிக்கு மேல்தான் வரும். நின்ற விமானத்தை இறக்கியதும் அகச்சிவப்பு வெப்பமானியில் ஈ.எஸ்.சி. 74 டிகிரி காட்டியது. இறங்கி வந்த நேரத்தில் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று வைத்தாலும் நூறுக்கு எட்டாது. இன்னொன்று, மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் தாளம் தப்புவது, அதாவது டீசிங்க். அது த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது கீச்சென்ற சத்தத்தோடு வரும்; பேட்டரி நிரம்பியிருந்தாலும் வரும். நிரம்பிய பேட்டரியில், விமானத்தைக் கட்டிவைத்து, பூஜ்யத்திலிருந்து முழுசுக்குக் கால் நொடியில் ஏற்றிப் பத்து முறை பார்த்தும் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஈ.எஸ்.சி.யின் டைமிங் (சுருள்களுக்கு மின்சாரத்தை எப்போது மாற்றுவது என்ற அமைப்பு) மீடியத்தில் இருந்தது. 14 காந்தம் கொண்ட இந்த மோட்டாருக்கு அது போதும். தொடவில்லை.

வீட்டில் ஓடுகிறது, கண்மாயில் நிற்கிறது

மாணவர்களைக் குழப்பியது இதுதான். விடுதி அறையில் எத்தனை முறை ஓட்டினாலும் பழுது தெரியவில்லை. காரணம், அங்கே சோதித்தது முழு சார்ஜ் பேட்டரியில், அதுவும் பத்து நொடிக்கு. வோல்ட்டேஜ் கோளாறைப் பிடிக்க வேண்டுமானால் பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ப்ரொப்பல்லர் மாட்டியிருக்க வேண்டும், முழு த்ராட்டிலை முப்பது நொடியாவது பிடிக்க வேண்டும். ப்ரொப்பல்லர் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் அரை ஆம்பியர்தான் இழுக்கும். அதில் எந்த இணைப்பும் தன் குணத்தைக் காட்டாது.

ப்ரொப்பல்லரோடு சோதிப்பது விளையாட்டு இல்லை. 10 அங்குல ப்ரொப்பல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 106 மீட்டர், மணிக்கு 380 கி.மீ. வேகத்தில் போகிறது. விமானத்தின் வாலையும் இறக்கையின் அடியையும் கனமான பெஞ்சோடு கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஆள் பின்னால்தான் நிற்க வேண்டும். ப்ரொப்பல்லருக்கு நேரே பக்கவாட்டிலும் யாரும் இருக்கக் கூடாது. நுனி உடைந்தால் பறப்பது பக்கவாட்டில்தான்.

பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி.க்கும் நடுவே ஒரு வாட் மீட்டர், ஈ.எஸ்.சி.யின் வாசலை ஒட்டி. ஹாபி கடைகளில் கிடைக்கும் சாதாரண நீலப் பெட்டி மீட்டரே போதும்; அது ஓட்டம் முழுவதிலும் மிகக் குறைந்த வோல்ட்டேஜையும் மிக அதிக ஆம்பியரையும் நினைவில் வைத்துக்கொள்ளும். இந்த வசதி இல்லாத கருவியால் பயனில்லை, ஏனென்றால் மோட்டார் துடிக்கும் நேரத்தில் கண் எண்ணைப் பிடிக்காது.

பேட்டரியை 5 நிமிடப் பறப்புக்குச் சமமாக இறக்கிவிட்டு, சும்மா இருக்கும்போது செல் செல்லாக அளந்ததில் 3.78, 3.77, 3.70 வோல்ட், மொத்தம் 11.25. முழு த்ராட்டிலில் 16 ஆம்பியர். இருபத்திரண்டாவது நொடியில் மோட்டார் துடித்து நின்றது. மீட்டரில் பதிந்த குறைந்தபட்சம் 8.97 வோல்ட்.

11.25 எங்கே, 8.97 எங்கே. நடுவில் காணாமல் போன 2.28 வோல்ட்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

காணாமல் போன வோல்ட்டேஜின் கணக்கு

இதற்குத் தேவை ஒரு மல்டிமீட்டரும் கூர்மையான முனைகளும்தான். 16 ஆம்பியர் ஓடும்போது, ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் முனைகளை வைத்து 2 வோல்ட் டி.சி. அளவில் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பு என்றால் சில மில்லி வோல்ட்டுக்கு மேல் காட்டாது. ஓம் அளவில் வைத்துப் பார்ப்பது வீண். சாதாரண மல்டிமீட்டரின் சொந்த ஒயரே 100 மில்லி ஓமுக்கு மேல் காட்டும்.

விமானம் மூக்குப் பாரமாக இருந்ததால் பேட்டரியை 30 செ.மீ. பின்னால் தள்ளியிருந்தார்கள். அதற்காக ஒயரை நீட்ட, வீட்டு ஒயரிங்குக்கு வாங்கி மிச்சமிருந்த 1 சதுர மி.மீ. ஒயரைப் போட்டிருந்தார்கள். போக 30, வர 30, ஆக 60 செ.மீ.; செம்பில் அது 10 மில்லி ஓமுக்குச் சற்று மேல். 16 ஆம்பியரில் 0.17 வோல்ட் அங்கே போகிறது.

நீட்டிய இடத்தில் ஒயர்களை முறுக்கி, ஈயம் வைக்காமல், இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். நேர் முனைப் பக்கம் 0.08 வோல்ட், எதிர் முனைப் பக்கம் 0.22. இந்த 0.22 வோல்ட்டை 16 ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட். பட்டாணி அளவு முடிச்சு ஒன்றில் 3.5 வாட் சூடு என்றால் டேப்பின் பசை உருகிக் கையில் ஒட்டியதில் ஆச்சரியம் இல்லை. மோட்டார் நின்றதும் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பார்த்திருந்தாலே இது மீட்டர் இல்லாமல் கிடைத்திருக்கும்.

மிச்சம் பேட்டரிக்குள். செல்களின் உள்மின்தடையைக் காட்டும் சார்ஜரில் 31, 32, 48 மில்லி ஓம், கூட்டினால் 111. இந்த அளவுப் பேட்டரி புதிதாக இருக்கும்போது செல்லுக்கு 10 மில்லி ஓம் சுற்றித்தான் இருக்கும். 111 மில்லி ஓமில் 16 ஆம்பியர் ஓடினால் 1.78 வோல்ட் போச்சு. பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழடானது என்பதற்கும் விடை கிடைத்தது: ஞாயிற்றுக்கிழமை பறக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே முழு சார்ஜ் ஏற்றி, மழையோ வேலையோ வந்தால் அப்படியே வாரக்கணக்கில் விட்டிருக்கிறார்கள். நாற்பது டிகிரியைத் தொடும் மதுரைக் கோடையில், தகரக் கூரை அறையில், 4.2 வோல்ட்டில் கிடக்கும் லைபோ செல் சும்மா இருந்தே கெடும். பறக்காத பேட்டரி செல்லுக்கு 3.8 வோல்ட்டில் இருக்க வேண்டும்.

கூட்டிப் பார்ப்போம்: 1.78, 0.17, 0.30, மொத்தம் 2.25. வாட் மீட்டரின் சொந்த ஒயருக்கும் அளவுப் பிழைக்கும் கொஞ்சம் விட்டால் 2.28 சரியாக வருகிறது.

இதில் எந்த ஒன்றும் தனியாக மோட்டாரை நிறுத்தியிருக்காது. கிழட்டுப் பேட்டரியும் நல்ல இணைப்புமாக இருந்தால் ஈ.எஸ்.சி.க்கு 9.47 வோல்ட் கிடைத்திருக்கும், ஓடியிருக்கும். புதுப் பேட்டரியும் மோசமான முடிச்சுமாக இருந்தால் பத்துக்கு மேல் நின்றிருக்கும். மூன்றும் சேர்ந்தபோதுதான் 9 என்ற கோடு தாண்டப்பட்டது. பாகத்தை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் வழியில் இந்த மாதிரிக் கோளாறு பிடிபடாமல் போவது அதனால்தான்: எதை மாற்றினாலும் கொஞ்சம் சரியாகும், "அதுதான் காரணம்" என்று தோன்றும், இரண்டு வாரத்தில் திரும்ப வரும்.

இடையில் மாணவர்களுக்கு ஒரு யோசனை சொல்லப்பட்டிருந்தது: ஈ.எஸ்.சி.யில் பேட்டரி வகையை நிக்கல் என்று மாற்றிவிட்டால் தடுப்பு வராது. வராதுதான். ஆனால் மூன்றாவது செல்லைப் பாருங்கள்: 3.70 வோல்ட்டிலிருந்து 48 மில்லி ஓம் 0.77 வோல்ட்டைத் தின்றபின் 2.93. ஈ.எஸ்.சி. மொத்தத்தை மட்டுமே பார்க்கிறது, செல்லைப் பார்ப்பதில்லை. தடுப்பையும் எடுத்துவிட்டால் அந்தச் செல் இன்னும் ஆழமாக இறங்கி, ஓரிரு பறப்பிலேயே உப்பும். அடுத்த சார்ஜில் தீப்பிடிக்க வாய்ப்புள்ள செல் அதுதான்.

நீட்டிய பேட்டரி ஒயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு, வாட் மீட்டரில் தெரியாதது. ஈ.எஸ்.சி. நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை மின்சாரத்தை வெட்டி வெட்டி எடுக்கிறது. ஒயர் நீண்டால் அதன் தூண்டல் கூடி, ஒவ்வொரு வெட்டிலும் வோல்ட்டேஜ் துள்ளும். அந்தத் துள்ளலை வாங்கிக்கொள்ளும் கேபாசிட்டர் சூடாகித் தலை புடைக்கும். நீட்டியே ஆக வேண்டும் என்றால் மோட்டார் பக்கத்து மூன்று ஒயரை நீட்டுவது மேல். பேட்டரி பக்கம்தான் வழி என்றால் 10 செ.மீ.க்கு ஒன்று வீதம் 220 மைக்ரோ ஃபாரட், 35 வோல்ட், 105 டிகிரி, குறைந்த ஈ.எஸ்.ஆர். (உள்மின்தடை) கேபாசிட்டரை ஈ.எஸ்.சி.யை ஒட்டியே வைக்க வேண்டும், டவுன்ஹால் ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்கும்போது "லோ ஈ.எஸ்.ஆர்." என்று அழுத்திச் சொல்லாவிட்டால் சாதாரணமானதைத்தான் கொடுப்பார்கள். இங்கே எதுவும் தேவைப்படவில்லை: ஈ.எஸ்.சி.யைப் பின்னால் தள்ளி, மோட்டார் ஒயரை 14 கேஜ் சிலிக்கான் ஒயரால் நீட்டி, பேட்டரி ஒயரைத் தொழிற்சாலை நீளத்துக்கே கொண்டுவந்தாயிற்று.

இரண்டாவது கோளாறு: கிளம்பாமல் நடுங்குவது

புது ஈ.எஸ்.சி. மாட்டிய பிறகு வந்தது இது. த்ராட்டிலை மெல்ல ஏற்றினால் மோட்டார் சுற்றாமல் முன்னும் பின்னுமாக நடுங்கும். சில நேரம் கிளம்பிவிடும், ஒயரைக் கொஞ்சம் அசைத்தால் நின்றுவிடும். ஈ.எஸ்.சி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஒயரில் ஒன்று சரியாகத் தொடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. இந்த வகை ஈ.எஸ்.சி. மின்சாரம் போகாத மூன்றாவது ஒயரில் எழும் வோல்ட்டேஜை வைத்துத்தான் காந்தம் எங்கே நிற்கிறது என்று கணிக்கிறது. ஒரு ஒயர் போனால் அதற்குக் கண் போன மாதிரி.

எந்த ஒயர், எந்தப் பக்கம் என்று பார்க்க ஒரு மலிவான வழி: 12 வோல்ட் பேட்டரி, தொடராக ஒரு 21 வாட் கார் பல்பு, பிறகு மோட்டாரின் இரண்டு ஒயர். பல்பு மின்சாரத்தை ஏறக்குறைய 1.7 ஆம்பியரில் நிறுத்தும். அந்த இரண்டு ஒயருக்கும் இடையே மில்லி வோல்ட்டை அளந்து, மூன்று ஜோடிக்கும் இப்படியே பார்க்க வேண்டும். இந்த மோட்டாரின் மின்தடை 90 மில்லி ஓம் சுற்றி. ஆக 150 மில்லி வோல்ட் பக்கம் வர வேண்டும், மூன்றும் ஒன்றுக்கொன்று 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வந்தது: முதல் ஜோடி 155, மற்ற இரண்டும் 214, 209. அதிகமாகக் காட்டிய இரண்டு ஜோடிக்கும் பொதுவான ஒயர்தான் குற்றவாளி. அதை அசைத்தபோது எண்ணும் ஆடியது.

ஈயத்தைப் பிரித்துப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. இந்த மோட்டாரில் வெளியே வரும் ஒயர், உள்ளே சுற்றியிருக்கும் எனாமல் கம்பிகளின் நுனியேதான். மேலே வெறும் உறை. ஒயர் நீளம் என்று வெட்டிக் குறைத்து, புல்லட் கனெக்டருக்குள் விட்டு ஈயத்தை ஊற்றியிருக்கிறார்கள். வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே பல கம்பிகள் எனாமல் உரியாமலே ஈயத்தில் மூழ்கிக் கிடந்தன. மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் எந்தப் பையனும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான்: கம்பிகளை விரித்து, பிளேடால் ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் சுரண்டி, 400 நம்பர் சாண்ட்பேப்பரில் தேய்த்து, செம்பு நிறம் முழுக்கத் தெரிந்த பிறகு ஃப்ளக்ஸ் வைத்து ஈயம் பூசி, அதன் பின்னரே சேர்ப்பார்கள். சால்டரிங் அயர்ன் 60 வாட்டாவது வேண்டும். 25 வாட்டில் கனெக்டர் சூடாவதற்குள் ஈயம் உறைந்துவிடும். மூன்று ஒயரையும் இப்படிச் செய்தபின் 154, 156, 155.

புது ஈ.எஸ்.சி.க்கு த்ராட்டில் எல்லையும் கற்றுக்கொடுக்கவில்லை. டிரான்ஸ்மிட்டரில் குச்சியை முழுசாக மேலே வைத்து, பேட்டரியைச் சொருகி, பீப் கேட்டதும் முழுசாகக் கீழே இழுப்பது; ப்ரொப்பல்லரைக் கழற்றிவிட்டு.

சரியானதும் வந்த சிக்கல்

புதுப் பேட்டரி, குட்டை ஒயர், ஈயம் வைத்த இணைப்பு. அதே 11.25 வோல்ட்டில் நிறுத்தி மறுபடி அளந்தபோது ஈ.எஸ்.சி. வாசலில் 10.6 வோல்ட், 18.5 ஆம்பியர். 144 வாட் போய்க்கொண்டிருந்த இடத்தில் இப்போது 196 வாட். வோல்ட்டேஜ் கூடினால் சுற்று கூடும், சுற்று கூடினால் ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி அதன் மும்மடிப் பெருக்கமாக ஏறும். இதுவரை மோசமான ஒயரே மோட்டாரைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

2212 மோட்டாருக்குத் தயாரிப்புத் தாளில் வழக்கமாகப் போடுவது 12 ஆம்பியர், 60 நொடி. ஈ.எஸ்.சி.யின் 30 ஆம்பியரைப் பார்த்து மோட்டாரும் அவ்வளவு தாங்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். 18.5 ஆம்பியரில் ஆடிக் காற்றை எதிர்த்து அரை நிமிடம் பிடித்தால் எனாமல் கருகலாம், அல்லது காந்தம் பலமிழக்கலாம்; சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் நிரந்தரமாகவே பலம் குறையும்.

ஆகவே ப்ரொப்பல்லர் 9க்கு 5 (9 அங்குல விட்டம், 5 அங்குல பிட்ச்) ஆனது. சுமை ஏறக்குறைய விட்டத்தின் நான்மடியையும் பிட்சையும் பெருக்கிய அளவில் போகிறது: 10க்கு 4.5 என்றால் 45,000. 9க்கு 5 என்றால் 32,800. அதாவது 73 சதவீதம். தரையில் 14 ஆம்பியர் காட்டியது. பறக்கும்போது காற்று எதிரே வருவதால் இன்னும் குறையும். பன்னிரண்டை ஒட்டி வரும். வாலில் பை எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுவையைப் பார்த்ததில் 700 கிராம் சுற்றி. 1,050 கிராம் பயிற்சி விமானத்துக்கு இது தாராளம்.

ஃபோம் வெப்பத்தைக் கடத்தாது என்பதால் ஈ.எஸ்.சி. அறைக்கு மூக்கில் ஒரு துவாரமும், பின்னால் அதைப்போல் இரண்டு மடங்கு பெரிய வெளிவாயும் வெட்டப்பட்டன. பறக்கும் நேரத்துக்கான டைமர்: பேட்டரியின் 2200இல் 80 சதவீதம் 1,760 எம்.ஏ.எச்.; சராசரி 9 ஆம்பியரில் 11 நிமிடம் சொச்சம் வரும். 9 நிமிடத்துக்கு வைத்தாயிற்று.

கடைசியாக மோட்டாரையே ஒரு பார்வை பார்க்க வேண்டியிருந்தது, இத்தனை நாள் 12க்குப் பதில் 16 ஆம்பியரில் ஓடியிருக்கிறதே. ப்ரொப்பல்லர் இல்லாமல் 10 வோல்ட்டில் 0.5 ஆம்பியர் இழுக்க வேண்டியது 0.9 இழுத்தது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: சுருள் ஷார்ட், காந்தம் பலமிழப்பு, பேரிங் இறுக்கம். ப்ரொப்பல்லர் அடாப்டரை 2,600 சுற்று டிரில்லில் பிடித்துச் சுழற்றி, ஏ.சி. வோல்ட்டில் மூன்று ஜோடியையும் அளந்தபோது 1.91, 1.92, 1.90. 1000 கேவி மோட்டாருக்கு இந்தச் சுற்றில் 1.9 தான் வர வேண்டும். காந்தம் தளர்ந்திருந்தால் மூன்றும் குறைந்திருக்கும், சுருள் ஷார்ட் என்றால் ஒன்று தனியாகக் குறைந்திருக்கும். சுருளுக்கும் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்ச்சியும் இல்லை. மிஞ்சியது பேரிங். தண்டிலிருக்கும் கிளிப்பைக் கழற்றி, சுழலும் வெளிக்கூட்டை உருவியபோது கண்மாய்ப் புழுதி உள்ளே மாவாகப் படிந்திருந்தது. தூரிகையால் தட்டி, பேரிங்குக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டதும் 0.6 ஆம்பியருக்கு வந்தது. முன்பக்கப் பேரிங்கில் லேசான ஆட்டம் இருக்கிறது, மறுபடி 0.8ஐத் தாண்டினால் இரண்டையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும்.